பதினோரு பஞ்சுப் பந்துகள்

அத்தியாயம் ஆறு

“இதுல பொணம் எங்க சார்?” என்று கேட்டேன்.

கிரிக்கெட் சங்கத் தலைவர் கபெரா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூட்டி வந்த வெஸ்டின் அக்காவைப் பார்த்தார். எங்கள் தலைநகர் கிகாலியில் துப்பறிவதையே தொழிலாக வைத்திருக்கும் பெண்மணி எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அவருக்கு மோட்டார் பைக் ஓட்ட வராது, பைக் டாக்ஸி ஓட்டுகிற எனக்கு வாயை மூட வராது. அதனால் நான்கு வருடமாக நான் ஓட்டுகிறேன், அவர் பின்னால் உட்கார்ந்து யோசிக்கிறார்.

“பொணம் சாயங்காலம் ஆறு மணிக்கு விழும்,” என்றார் கபெரா. “அதோ உக்காந்திருக்கான் பாருங்க.”

சுவரோரமாக நாற்காலியில் முஹிஸி உட்கார்ந்திருந்தான். எங்கள் தேசிய அணியின் வேகப்பந்து வீச்சாளன். இருபத்தொன்பது வயது. ஆறடி நாலங்குலத்தை மடக்கி நாற்காலிக்குள் அடக்கி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிரிக்கெட் மட்டையைப் பார்த்து இது எந்தப் படகின் துடுப்பு என்று கேட்ட ஜனங்களை மைதானத்துக்கு இழுத்து வந்தவன் இவன்தான். நானும் அப்படி வந்து கெட்டுப்போனவன்.

கபெரா தன் போனை அக்காவிடம் நீட்டினார். “புதன்கிழமை உகாண்டா கூட ஆட்டம். மட்டை பிடிச்சவன் கமுகிஷான்னு ஒருத்தன். அவனுக்கு இவன் போட்ட பந்துங்க இது. மொத்தம் பதினொண்ணு.”

பதினோரு துண்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் முஹிஸி ஓடி வருகிறான், கை சுழல்கிறது, பந்து கையை விட்டுப் போகிறது, படம் முடிகிறது. வீசுகிற கையைச் சரிபார்ப்பதற்காகப் பயிற்சியாளர் எடுத்து வைத்தவை. இடி மாதிரி ஓடி வந்தவன் கடைசிக் காலடியில் தொட்டில் ஆட்டுகிற மாதிரி பந்தை விட்டான். பதினோரு தடவையும் அதே தொட்டில்.

“மத்தவனுக்கெல்லாம் நெருப்பு. கமுகிஷாவுக்கு மட்டும் பஞ்சு. அவன் எழுபத்தொண்ணு அடிச்சான், நாம தோத்தோம். இதுக்கு என்னம்மா பேரு?”

“தோள்பட்டை வலி,” என்றேன்.

“கலிஸ்த்,” என்றார் அக்கா. என் பெயரை அவர் முற்றுப்புள்ளி மாதிரி உபயோகிப்பார்.

கபெரா போன வருடம்தான் சைக்கிள் பந்தயச் சங்கத்திலிருந்து இங்கே வந்தவர். நேர்மையான மனிதர், ஆனால் எந்த ஆட்டத்தையும் முன்னால் போகிறவன், பின்னால் போகிறவன் என்று மட்டும் பார்க்கப் பழகியவர். விஷயத்தை விரல் விட்டு விளக்கினார். நாளை சனிக்கிழமை இறுதி ஆட்டம், மறுபடி அதே உகாண்டா. ஆறு மணிக்குள் பதினோரு பேர் பட்டியலில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் முஹிஸி பெயரை எடுத்துவிட்டு மேலிடத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். கடிதம் போனால் விசாரணை, விசாரணை என்றால் இரண்டு வருடம் பந்தைத் தொட முடியாது. முப்பத்தொரு வயதில் திரும்பி வருகிற வேகப்பந்து வீச்சாளனுக்கு நடுவர் வேலைதான் கிடைக்கும்.

அக்கா முஹிஸியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “காசு வாங்கினியா?”

“இல்லம்மா.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“இல்லம்மா.”

“பின்ன ஏன் அப்படிப் போட்ட?”

“அதைச் சொல்ல முடியாதும்மா. தடை போடறதுன்னா போட்டுக்கட்டும்.”

சொல்லும்போது அவன் தன் வலது கையைப் பார்த்தான். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டான். திருடன் தன் கைக்குத் தானே இப்படிக் காவல் போட மாட்டான்.

அக்கா எழுந்திருக்கும்போது அவன் பையின் வாரில் சிக்கியிருந்த ஒரு புல்லை உருவிக்கொண்டார். விரல் நீளத்துக்கு, ஓரம் ரம்பம் மாதிரி இருந்தது.

“இது மைதானத்துப் புல் இல்ல,” என்றார் வெளியே வந்ததும். “இவன் ஆட்டம் முடிஞ்சா எங்க போவான்?”

“வேற எங்க? கீழ பால் கடைக்கு. டீம் பூரா அங்கதான். பீர் குடிச்சா கோச் கடிப்பாரு.”

“விடு வண்டியை.”

பயணிக்கான ஹெல்மெட் அக்காவுக்குப் பெரிது. ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கம் திரும்பும், அவர் இன்னொரு பக்கம் திரும்புவார். இரண்டும் ஒரே திசையைப் பார்க்கிற நேரத்தில்தான் அவருக்கு யோசனை வரும் என்பது என் கணிப்பு.

பால் கடைக்காரி ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். எனக்குச் சூடான பால், அக்காவுக்குப் புளித்த பால், சம்புசா என்று நாங்கள் சொல்கிற சமோசா இரண்டு. முஹிஸி பெயரைச் சொன்னதுதான் தாமதம், கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆளைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. மூணு வருஷமா தினம் ரெண்டு குவளை குடிச்ச வாய் அது. ஜனவரி மாசத்தோட நின்னு போச்சு. போன மாசம் கூட்டத்தோட வந்தான், ஒரு வாய் குடிச்சான், குவளையை வெச்சுட்டான். என்னப்பான்னா, அக்கா கோவிச்சுக்காதீங்க, பால் கொஞ்சம் தண்ணியா இருக்குங்கறான். என் பாலு, தண்ணியாம்.”

“தண்ணிதான் கலந்தீங்களா?” என்று கேட்டேன்.

“உன் நாக்குல தேள் கொட்ட.”

அக்கா குவளையைக் கவிழ்த்துக் குடித்து முடித்தார். வாயோரம் துடைத்தபடி, “நல்ல பால்மா,” என்றார். அவள் முகம் மலர்ந்தது. என் கணக்கில் மட்டும் நான் சாப்பிடாத ஒரு சம்புசாவையும் சேர்த்துவிட்டாள்.

வண்டிக்கு வந்ததும் அக்கா கேட்டார். “கடைப் பாலைத் தண்ணின்னு சொல்றவன் யாரு?”

“நாக்கு நீளமானவன்.”

“வீட்டுல சொந்தமா கறக்கறவன். இந்தப் புல்லு யானைப்புல். மாட்டுக்கு அறுத்துப் போடறது. இவன்கிட்ட ஜனவரியில ஒரு பசு வந்திருக்கு.”

நான் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தேன். டீமில் யாரும் சம்பளம் வாங்கி மாளிகை கட்டவில்லை. முஹிஸி பகலில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிறவன். அவன் பசு வாங்குவது என்றால் நான் விமானம் வாங்குகிற மாதிரி.

“அப்ப யாரோ கொடுத்திருக்காங்க,” என்றேன். “அக்கா, இது கேஸுக்கு நல்லதா கெட்டதா?”

“தெரியல. நம்ம பக்கத்துல பசு கை மாறினா யாருக்குத் தெரியும்?”

அதற்குப் பதில் எனக்கே தெரியும். எங்கள் ஊரில் பசுவைச் சும்மா அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஊரைக் கூட்டி நிறுத்தி, புகழ் பாடுகிறவர் ஒருவரை வைத்து, அதன் கொம்பையும் குலத்தையும் அவர் பாடி முடித்த பிறகுதான் கயிறு கை மாறும். அந்த வேலைக்குத் தொண்டை உள்ள ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடுகளில் பசுவைப் பாடுவார், மற்ற நாளில் கிரிக்கெட் மைதானத்தில் மைக் பிடித்து ரன் சொல்லுவார். பெயர் ருகம்பா.

அவர் மைதானத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில், நாளைய ஆட்டத்துக்காக மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கை குலுக்கினார்.

“முஹிஸி வீட்டுப் பசுவா? மறக்க முடியுமா தாயி. ஜனவரி ரெண்டாவது ஞாயிறு. நாப்பது பேருக்கு மேல கூட்டம். அது என்ன சாதாரணப் பசுவா?” கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். “மலை மேல அவ நடந்தா மேகம் ஒதுங்கி வழி விடும். கொம்பைத் தூக்கினா நிலா தன் இடத்தைத் தேடும். ஆத்துல தண்ணி குடிச்சா எதிர்க்கரைக்காரன் தாகத்தோட வீட்டுக்குப் போவான்.”

“கொடுத்தது யாரு?” என்றார் அக்கா.

“எல்லைக்கு அந்தாண்ட இருக்கறவரு. உகாண்டாக்காரரு, பெரிய மாட்டு மந்தை வெச்சிருக்கற மனுஷன். நம்ம டீமை அடிச்சு நொறுக்கினானே கமுகிஷா, அவங்கப்பா.”

என் காதில் அந்த வார்த்தை இரண்டு தடவை விழுந்தது. ஒன்று எதிரிலிருந்து. இன்னொன்று வானத்திலிருந்து. மேசை மேல் இருந்த மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைதானத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் குழாயோடு அப்படியே நின்றார்கள். எதிர்ப் பக்கம் மாடியில் சங்க அலுவலகத்தின் ஜன்னல் திறந்தது. கபெராவின் தலை வெளியே வந்தது.

“நாம துப்பறிஞ்சதை நாட்டுக்கே அறிவிச்சாச்சு,” என்றேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். நான்கு வருடத்தில் முதல் முறையாகப் பார்க்கிறேன்.

அலுவலகத்துக்குள் போனபோது மணி ஐந்தேகால். கபெரா கடிதத்தை எழுதி முடித்துவிட்டார். கையெழுத்து மட்டும் பாக்கி. முஹிஸி அதே நாற்காலியில் இன்னும் சிறியதாக உட்கார்ந்திருந்தான்.

“எதிர் டீம்காரன் வீட்டுப் பசு இவன் தொழுவத்துல நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“சார், லஞ்சம் எப்படிக் கொடுப்பாங்க?” என்றார் அக்கா.

“ரகசியமா.”

“நாப்பது பேரைக் கூட்டி, ருகம்பா தொண்டையை வெச்சா? அந்தத் தொண்டை பாடினா பக்கத்து மலையில கோழி எழுந்திருக்கும். அதுவும் ஜனவரியில. நீங்க ரெண்டு டீமும் மோதறதே ஏப்ரல்லதான் முடிவாச்சு.”

கபெராவின் பேனா நின்றது. “அப்ப எதுக்குக் கொடுத்தாங்க?”

அக்கா முஹிஸியைப் பார்த்தார். விஷயம் மைக்கில் போய்விட்ட பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். போன செப்டம்பரில் எல்லைக்குப் போகிற மலைப் பாதையில் மழையில் ஒரு கார் சறுக்கி விழுந்தது. உள்ளே கமுகிஷா, தொடை எலும்பு முறிந்து. வண்டி ஏற முடியாத சேறு. முஹிஸியும் ஊர்க்காரர் மூவரும் மூங்கில் தூளி கட்டி இரண்டரை மணி நேரம் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் தேறிய பிறகு அவன் அப்பா பசுவோடு வந்தார்.

“அவன் வீட்டுப் பாலை என் புள்ளைங்க குடிக்குதுங்க சார். அவன் ஸ்டம்பை நான் எப்படிச் சாய்க்கறது? ஓடி வரும்போது வேகமாத்தான் வரேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை கேக்க மாட்டேங்குது.”

“இதைக் காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.”

“சொன்னா அவர் பசுவைக் காட்டி என் கையைக் கட்டின மாதிரி ஆகும். கொடுத்தவருக்கு அவமானம்.”

கபெரா பெருமூச்சு விட்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். எங்களிடம் பணம் கொடுத்தவனை மறந்தால் மன்னிப்பு உண்டு, பசு கொடுத்தவனை மறந்தால் சொந்த வீட்டில் சோறு கிடைக்காது.

“புரியுதுப்பா. ஆனா பஞ்சு பஞ்சுதான். காரணம் நல்லதா இருந்தா பந்து வேகமாயிடாது. கமுகிஷா எழுபத்தொண்ணு அடிச்சது அடிச்சதுதான். நாளைக்கும் இதையே செய்வ. உன்னை டீம்ல சேர்க்கவும் முடியாது, காரணம் எழுதாம விடவும் முடியாது.” பேனா மறுபடி தாளுக்குப் போனது.

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் அக்கா. “எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. நீங்க காட்டின படத்துல பந்து கையை விட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அது எங்க போச்சு? அதை எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

ஸ்கோர் புத்தகம் வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முஹிஸியின் வரியில் விரலை ஓட்டினார். கமுகிஷாவுக்குப் போட்ட பந்துகளை ஸ்கோர் எழுதுகிறவர் பச்சை மையில் குறித்திருந்தார்.

“கலிஸ்த், இங்க வா. இந்தப் பச்சைப் புள்ளி என்னது?”

“ரன் இல்லைன்னு அர்த்தம்.”

“இது?”

“அதுவும் ரன் இல்ல.”

“இது?”

எண்ணினேன். ஒன்று முதல் பதினொன்று வரை எல்லாம் புள்ளி. கமுகிஷாவின் எழுபத்தொரு ரன்னில் ஒன்றுகூட முஹிஸி கணக்கில் இல்லை. பஞ்சுப் பந்தும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, எழுபத்தொன்றும் ஞாபகம் இருந்தது. நாங்களாகவே இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டோம். கிரிக்கெட் பண்டிதன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற நான் வேலி ஓரம் நின்று பார்த்தவன். எனக்கு வெட்கமாக இருந்தது.

“தொட்டில்ல வர்ற பந்தை என் மூணு வயசு மருமவன்கூட அடிப்பான்,” என்றார் அக்கா. “போய் அந்தக் கமுகிஷாவைக் கூட்டிட்டு வா.”

விருந்தினர் அணியின் அறைக் கதவைத் தட்டித் திறந்தேன். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரமாக நாற்காலியில் கமுகிஷா தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே உகாண்டா மேனேஜர், கையில் ஒரு கடிதம், இன்னொரு கையில் பேனா.

“பதினோரு பந்து, லட்டு மாதிரி வந்திருக்கு,” என்று மேனேஜர் என்னிடமே முறையிட்டார். “ஒண்ணையும் தொடல. எவ்வளவு வாங்கினேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான்.”

“சார், உங்க நாட்டுல துப்பறியறவங்க யாரும் இல்லையா?” என்று கேட்டு, இருவரையும் மாடிக்குக் கூட்டிப் போனேன்.

கமுகிஷா உள்ளே வந்தான். முஹிஸி எழுந்தான். அக்கா ஸ்கோர் புத்தகத்தைத் திருப்பி இருவருக்கும் நடுவில் வைத்தார். முஹிஸி அந்தப் புள்ளிகளைப் பார்த்தான்.

“நீ ஏன் அடிக்கல?” என்றான்.

“நீ ஏன் வேகமாப் போடல?”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“எங்கப்பா பசு கொடுத்த வீட்டுல போய் நான் அடாவடி பண்ண முடியுமா? கொடுத்துட்டு மட்டையால அடிச்சுத் திருப்பி வாங்கறான்னு ஊர் பேசாது?”

“நான் உன் ஸ்டம்பைக் காப்பாத்திட்டு இருக்கேன்னு பார்த்தா, நீ எனக்குப் பிச்சை போட்டிருக்க. ஏன், உன்னால அடிக்க முடியாத பந்தையா நான் போட்டேன்?”

“என்னை நொண்டின்னு நெனச்சுத்தானே மெல்லப் போட்ட? கால் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் போட்டுப் பாரு, அந்த யூகலிப்டஸ் மரத்துக்கு மேல போகும்.”

“நாளைக்கு நீ மட்டையைத் தூக்கறதுக்குள்ள உன் நடு ஸ்டம்பு பால் கடையில கெடக்கும்.”

“வாய்தான் வேகம்.”

“கையும் பார்ப்ப.”

இருவர் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. மேனேஜர் குறுக்கே போகப் பார்த்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். முஹிஸியின் வலது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. இடது கை அதன் பக்கமே போகவில்லை.

கபெரா தன் கடிதத்தைப் பார்த்தார், மேனேஜர் தன் கடிதத்தைப் பார்த்தார். குப்பைக் கூடை ஒன்றுதான் இருந்தது, இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டார்கள். ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டியலில் பதினோராவது பெயர் ஏறியது.

இறுதி ஆட்டத்தை நாங்கள் ஒன்பது ரன்னில் ஜெயித்தோம். அது பேப்பரில் வந்தது. வராததைச் சொல்கிறேன்.

கமுகிஷாவுக்கு முஹிஸி போட்ட முதல் பந்து அவன் தாடையை உரசிக்கொண்டு போனது. கபெரா நாற்காலியின் நுனிக்கு வந்தார். இரண்டாவது பந்தை கமுகிஷா சுழற்றி அடித்தான். அது உண்மையாகவே யூகலிப்டஸ் மரத்துக்கு மேல் போனது. ருகம்பா ஆறு ரன் என்று சொல்ல மறந்து, அந்த அடியின் கொம்பையும் குலத்தையும் மைக்கில் பாட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது பந்துக்கு முஹிஸி வழக்கத்தைவிட நான்கு காலடி அதிகம் பின்னால் போய்த் திரும்பினான்.

நடு ஸ்டம்பு பால் கடை வரைக்கும் போகவில்லை. ஆனால் கீப்பரைத் தாண்டிப் போய் விழுந்தது.

மைதானம் எழுந்து கத்தியது. முஹிஸி மட்டும் கத்தவில்லை. கையைத் தூக்கவும் இல்லை. பந்து போட்ட இடத்திலேயே நின்று, கமுகிஷா நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன சொல்லப் போகிறானோ என்று அவன் முகம் வெளுத்திருந்தது. எல்லைக்கயிறு ஓரத்தில் அக்காவும் நானும் நின்றிருந்தோம்.

கமுகிஷா அவனைத் தாண்டிப் போகாமல் நின்றான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. மறுநாள் கீப்பர்தான் என் வண்டியில் வரும்போது சொன்னான்.

“அந்தப் பசுவுக்கு என்னதான்டா தீனி போடற?” என்று கமுகிஷா கேட்டானாம்.

“சாயங்காலம் வீட்டுக்கு வா,” என்றானாம் முஹிஸி. “ரெண்டு கட்டு புல்லு அறுத்துப் போட்டுட்டுப் போ.”